‘சும்மா’வுக்கு எத்தனை ரூபாய்?

கர்ப்பிணிப் பெண்ணின் கையில் குரோஷா ஊசியைப் பார்த்தால் நம் ஊரில் எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிடுகிறது. புகுந்த வீட்டுக்குக் குளிர்கிறது, பிறந்த வீட்டுக்குக் குளிர்கிறது, ஸ்கேன் சென்டர் வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத அம்மாவுக்கும் குளிர்கிறது. அதே பெண் அதே வராந்தாவில் குரூப் ஃபோர் தேர்வுப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தால், “இந்த நேரத்துல இன்னாத்துக்குமா கண்ணைக் கெடுத்துக்கற?” என்பார்கள். ஊசியும்தான் கண்ணைக் கெடுக்கும். அதை யாரும் சொல்வதில்லை.

இந்தக் குளிர்ச்சியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். ஒரு பெண் செய்யும் வேலையைப் பார்த்து ஊரே ஒன்றுசேர்ந்து மகிழ்கிறது என்றால், அந்த வேலை யாருக்கும் செலவு வைக்கவில்லை, யாருடைய இடத்தையும் கேட்கவில்லை என்று அர்த்தம். கர்ப்பிணியின் கைவேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பொழுதுபோக்கு. அந்தப் பெயருக்கு அடியில் இரண்டு திருட்டுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அவளிடமிருந்து பறித்த வேலை. மற்றொன்று, அவள் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்குக் கொடுக்காத கூலி.

முதல் திருட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எனக்கு நடந்தது. செங்கத்தில் இருக்கிறேன். எட்டாம் மாதம். பி.காம். முடித்துவிட்டு நான்கு வருடம் ஒரு துணிக்கடையில் பில்லிங்கிலும் கணக்கிலும் வேலை பார்த்தேன். முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் கடை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் சேல்ஸ் பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவதை அந்த நான்கு வருடமும் பார்த்திருக்கிறேன். யாரையும் ‘நீக்கியதாக’ அந்தக் கடையில் ஒரு தாள் கிடையாது. எல்லோரும் ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகியவர்கள். ஐந்தாம் மாதத்தில் என் முறை வந்தது. “டெலிவரி முடிச்சிட்டு வாம்மா, அப்புறம் பாத்துக்கலாம். இப்ப வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடு” என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். நான் எழுதித் தரவில்லை. மறு மாதம் சம்பளப் பட்டியலில் என் பெயர் இல்லை.

ஓய்வு என்ற சொல்லை எவ்வளவு கனிவாகச் சொல்கிறார்கள் பாருங்கள். சட்டத்தில் அதற்குப் பெயர் வேறு. மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் அது பொருந்தியது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அந்த விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே 26 வாரத்தைத்தான் வைத்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு நிறுத்தினாலும் அந்தப் பணத்துக்கான உரிமை போகாது. வேலைக்குச் சேரும் அன்றே இந்த உரிமைகளை அவளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றுகூட 2017 திருத்தம் சொன்னது. எனக்குச் சேரும் அன்று கொடுத்தது ஒரு சுடிதார் யூனிஃபார்மும் லீவு எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற கணக்கும்தான்.

கடையில் உட்காருவதற்கே பெண்கள் போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டில் விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை தர வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்தது. கடையில் உட்காருவது உரிமையான பிறகு, வீட்டில் போய் உட்காரச் சொல்வது கருணையாகிவிட்டது. சம்பளமில்லாத ஓய்வுக்கு வேலையில்லாமை என்று பெயர். அதற்குமேல் ஒரு மெத்தையை விரிப்பதால் பெயர் மாறிவிடாது.

எனக்கு விரித்த மெத்தை உல்லன் நூலில் வந்தது. வேலை போன வாரமே நாத்தனார் திருவண்ணாமலையிலிருந்து ஒரு குரோஷா ஊசி செட்டும் மஞ்சள் நூல் கண்டும் வாங்கிவந்தார். பொண்ணோ பையனோ தெரியாது, அதனால் மஞ்சள். “சும்மாதான இருக்க, கத்துக்கோ” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் அவருடைய மூன்று பிள்ளைப்பேற்றிலும் யாரோ ஏதோ ஒன்றைக் கையில் திணித்திருப்பார்கள். ஒயர் கூடை, பாசிமணி, எம்ப்ராய்டரி வளையம். நான் கோபப்படுவது அந்தச் ‘சும்மா’ மேல்.

சும்மா இருந்தேனா? காலையில் தண்ணீர் பிடித்து, இருவேளைச் சமையல், மாமனாருக்கு மாத்திரை, துணி, பாத்திரம். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, இந்தியாவில் சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் சொல்கிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதன் மேல் வயிற்றில் ஒரு குழந்தை. இத்தனையும் செய்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு உட்காரும் பெண்ணின் கைதான் நம் கண்ணுக்குச் ‘சும்மா இருக்கிற கை’.

சரி, கற்றுக்கொள்வது எப்படிப்பட்ட வேலை என்று பார்ப்போம். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தையல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் கற்றேன். பயிற்சிக் காலத்தில் அவர் போட்ட ரெக்கார்டு நோட்டு இன்னும் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு பின்னல் மாதிரி, ஊசியால் தைத்து ஒட்டி, கீழே சிவப்பு மையில் மதிப்பெண். முதலில் உருவு முடிச்சு. அந்தக் கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் அடுத்த கண்ணி. இப்படி இருபது வந்தால் ஒரு சங்கிலி. அதன் மேல் திரும்பி வந்து ஒவ்வொரு கண்ணியிலும் குத்தி எடுத்தால் ஒரு வரிசை. இடதுகை விரலில் நூல் ஒரே இழுப்பில் ஓட வேண்டும். இழுப்பு மாறினால் துணி ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் தொங்கும். எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். “எண்ணாம பேசிக்கிட்டே போட்டா அது வலையாயிடும்” என்பார் டீச்சர்.

உடம்பும் கூலி கேட்கிறது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு பல கர்ப்பிணிகளுக்குக் கை வீங்கி, மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டு, விரல்கள் மரத்துப்போகும். காலையில் எழுந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யாருடையவையோ போலிருக்கும். அந்த இரண்டு விரலால்தான் ஊசியைப் பிடிக்க வேண்டும். ஓய்வெடுக்கச் சொல்லிக் கொடுத்த பொருள், ஓய்வு தேவைப்படும் இடத்திலேயே வலிக்கிறது.

இதைக் கையால் செய்யாமல் மிஷினில் செய்தால் என்ன என்று நான் டீச்சரிடம் கேட்டேன். திருப்பூரில் பனியன் பின்னும் மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் கண்ணிகளைப் பிடித்திருக்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். அதை முடித்துத்தான் அடுத்ததற்குப் போக முடியும், அடுத்தது மேலேயோ பக்கத்திலேயோ முந்தின வரிசையின் இடுக்கிலேயோ எங்கும் போகலாம். இந்தப் போக்கை ஆலை அளவில் செய்யும் மிஷின் இன்னும் வரவில்லை. குரோஷா போலத் தெரியும் மிஷின் துணி வேறு வகைப் பின்னல். ஆகவே கடையிலோ கண்காட்சியிலோ நீங்கள் பார்க்கும் உண்மையான குரோஷா எதுவானாலும், எவ்வளவு மலிவானதானாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் போட்டது. மலிவு என்றால் அவருக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

யாருக்குக் கொடுக்கவில்லை என்பதற்கு ஒரு பழைய பதில் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதியில் இருக்கிறது. நர்சாபூர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரிக் குடும்பம் ஒன்று அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது. நூறாண்டுக்குப் பிறகு சுற்றியுள்ள கிராமங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் குரோஷா ஊசியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சரக்கு போனது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970-களின் இறுதியில் அங்கே தங்கி ஆய்வு செய்தார். 1982-இல் அது புத்தகமாக வந்தது. ஒவ்வொரு பெண்ணும் வீட்டு வேலைக்கு நடுவே நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினாள். ஒருத்தி பூ மட்டும் போடுவாள், வேறொருத்தி அவற்றை இணைப்பாள். முழு மேசைவிரிப்பு எப்படியிருக்கும் என்று பூப் போட்டவளுக்குத் தெரியாது. தரகர்களும் ஏற்றுமதியாளர்களும் ஆண்கள். விரிப்பின் விலை தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

இந்தத் தொழில் எதன்மேல் நின்றது என்பதற்கு மீஸ் சொன்ன விடைதான் எனக்கு முக்கியம். அந்தப் பெண்கள் தொழிலாளிகள் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும்’ மனைவிகள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்று ஏற்றுமதியாளர் சொன்னார், கணவர் சொன்னார், அவர்களே சொன்னார்கள். ஓய்வு நேரத்தில் செய்வதற்கு எதற்குக் கூலி? ஏதோ கைச்செலவுக்குக் கொடுத்தால் போதும். வயலுக்குப் போன கூலிக்காரப் பெண்களைவிட வீட்டில் லேஸ் போட்டவர்களின் வருமானம் குறைவு. ஆனாலும் வயலுக்குப் போகாமல் இருப்பதே சாதிக் கௌரவம். காப்பு சாதிப் பெண் தன் பட்டினியைத் திண்ணைக்குள் வைத்துக்கொண்டு, வெயிலில் நடவு நடும் தலித் பெண்ணைவிடத் தன்னை உயர்வாக நினைத்துக்கொள்ள முடிந்தது. அந்த நினைப்பின் விலையை ஏற்றுமதியாளர் லாபமாக எடுத்துக்கொண்டார். பெண்ணை ‘இல்லத்தரசி’ ஆக்குவதுதான் அவளுடைய உழைப்பை மலிவாக்கும் வழி என்று மீஸ் காட்டினார். 2024-இல் நர்சாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயரைப் பாதுகாக்கும். கூலியைப் பாதுகாக்க அதில் ஒரு வரியும் கிடையாது.

தமிழ்நாட்டுக் கதையில் இதற்கு நேரெதிரான ஒரு பக்கமும் உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் வேலையும் தொடங்கினார். அது குரோஷா அல்ல, திண்டில் குண்டூசி குத்தி நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் லேஸ். அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லின் மனைவி, இடையன்குடிக்கு அதைக் கொண்டுபோனார். நல்ல கிறிஸ்தவ மனைவிகளை உருவாக்குவதுதான் மிஷனின் நோக்கம். அடக்கமும் பொறுமையும் கைவேலையில் வரும் என்று நினைத்தார்கள். ஆனால் அந்த வேலைக்குக் காசு கொடுத்தார்கள். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை இருந்தது. லேஸில் சம்பாதித்த காசைக் கொடுத்துச் சில பெண்கள் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்டதை மிஷன் பதிவுகள் சொல்கின்றன. தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்ட அதே மண், அதே பத்தாண்டுகள்.

இரண்டும் லேஸ், இரண்டும் நூல் வேலை. ஓரிடத்தில் அது அடிமைத்தளையை அறுத்தது, மற்றோரிடத்தில் வாசற்படியோடு கட்டிப்போட்டது. பொறுமையிலோ அன்பிலோ அழகிலோ இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் வித்தியாசம் இல்லை. கைக்கு வந்த காசிலும், அந்தக் காசை யார் வேலைக்கான காசு என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதிலும்தான் வித்தியாசம்.

இப்போது செங்கத்துக்கு வருகிறேன். எனக்கு ஊசி வந்த பிறகு மூன்று அறிவுரைகள் வந்தன. மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தெரியும்.

முதலாவது பாட்டியுடையது. “புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி எதையும் செஞ்சி வெக்காத. பொறந்ததும் பழைய வேட்டிதான் சுத்தணும்.” இதை மூடநம்பிக்கை என்று எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பெட்டிக்குள் மடித்து வைத்த சின்னச் சட்டையை, போட ஆளில்லாமல், மறுபடி எடுத்துப் பார்த்த பெண்கள் சொல்லிவைத்த விதி அது. 2020-இல் தமிழ்நாட்டின் கணக்கு ஆயிரத்துக்கு 13. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாக்களுக்கு உண்டு. பெண்கள் பார்த்த, வேலை என்று பெயர் கொண்ட வேலை. பாட்டியின் பயத்தைக் குறைத்தது எந்தத் தாயின் தியாகமும் அல்ல.

இரண்டாவது, இப்போதைய தலைமுறை சொல்வது. “உன் கையால ஒரு தொப்பி, ஒரு ஷூ போட்டுக் கொடு. அம்மா அன்பு அதுலதான் தெரியும்.” சித்திரையில் பிறக்கப்போகும் குழந்தைக்குச் செங்கத்து வெயிலில் உல்லன் ஷூ எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. பனி பெய்யும் நாட்டின் படத்தைப் பார்த்து அன்பின் வடிவத்தை முடிவு செய்திருக்கிறோம். இதில் சங்கடம் வெயில் மட்டுமல்ல. பத்து மாதம் சுமப்பதையும் ரத்தம் சிந்திப் பெறுவதையும் போதுமான சான்றாக ஏற்காமல், அதற்கு மேல் கைவேலையிலும் ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள். அப்பாவிடம் யாரும் இப்படி எதையும் பின்னிக் காட்டச் சொல்வதில்லை.

மூன்றாவது, முற்போக்கானவர்கள் சொல்வது. “வீட்ல இருந்தே சம்பாதிக்கலாமே. ஆர்டர் எடுத்துப் போடு.” கேட்டுப்பார்த்தேன். ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் ஒருவர், நூல் அவருடையது, குழந்தைத் தொப்பி ஒன்றுக்கு 70 ரூபாய் என்றார். தேர்ந்த கைக்கு ஒரு தொப்பி நான்கு மணி நேரம். மணிக்கு 17 ரூபாய் 50 காசு. 2024–25-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு நாற்பது. ஏரியில் மண் வெட்டும் கூலியில் பாதிக்கும் கீழே. அதையும் அவர் உதவி செய்வது போலச் சொன்னார்: “சும்மா இருக்கற நேரத்துல வர்ற காசுதானம்மா.” நர்சாபூர் ஏற்றுமதியாளர் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டதாகவே தோன்றியது.

மூன்று அறிவுரையிலும் ஊடாக ஓடும் இழை ஒன்றுதான். என் கையும் என் நேரமும் என்னுடையவை அல்ல. முதலாமவருக்கு அவை விதியினுடையவை, இரண்டாமவருக்குக் குழந்தையினுடையவை, மூன்றாமவருக்குச் சந்தையினுடையவை. நீ இந்த நேரத்தில் எங்கே இருந்திருக்க வேண்டும், உன் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

‘ரெஸ்ட் எடு’ என்ற சொல் எல்லோருக்கும் சொல்லப்படுவதும் இல்லை. செங்கம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் மலையாளிப் பழங்குடிப் பெண்களைப் பார்க்கலாம். தலையில் புளி மூட்டை, வயிற்றில் பிள்ளை. நூறு நாள் வேலையிலும் நடவிலும் செங்கல் சூளையிலும் நிறைமாதம் வரை வேலை செய்யும் பெண்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்கு யாரும் மஞ்சள் நூல் கண்டு வாங்கித் தருவதில்லை. அவர்களுக்குத் தேவையான ஓய்வு கிடைப்பதில்லை, எனக்குத் தேவைப்படாத ‘ஓய்வு’ கட்டாயமாகக் கிடைத்தது. சாதியும் வர்க்கமும் பார்த்துத்தான் கர்ப்பம்கூட மென்மையாகிறது. கூலிக்குப் போகிறவளிடமிருந்து உடம்பையும், ‘கௌரவமான’ வீட்டுப் பெண்ணிடமிருந்து வேலையையும் எடுத்துக்கொள்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், அதில் ஒரு பகுதி சத்துப் பெட்டகமாக வந்தாலும், இரண்டு பக்கமும் உள்ள பெண்களுக்கு உதவுகிறது. ஆனால் அது உதவி. இழந்த ஆறு மாதச் சம்பளத்துக்கு அது ஈடாகாது.

இதைப் படிக்கும் சிலருக்கு ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் காசாகப் பார்த்தால் எப்படி, ஒரு பெண் ஆசையாகத் தன் பிள்ளைக்கு ஒன்று பின்னக் கூடாதா? பின்னலாம். நூல் விரலில் ஓடி, வரிசை நேராக வந்து, முதன்முதலாக ஒரு சதுரம் நான்கு மூலையோடு மடியில் கிடக்கும்போது வரும் சந்தோஷம் எனக்கும் தெரியும். அந்தச் சந்தோஷம் என்னுடையது. அதை என் தாய்மைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளவும், போன வேலைக்கு ஈடாக எண்ணிக்கொள்ளவும், கூலியைக் குறைக்கும் சாக்காக ஆக்கவும் யாருக்கும் உரிமையில்லை. சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பில் இருக்கும் பெண் மத்தியானத்தில் ஊசி எடுத்தால் அது பொழுதுபோக்கு. வேலையிலிருந்து துரத்தப்பட்டவள் எடுத்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பெண்களின் கைவேலையைக் கொண்டாட நாம் தயங்குவதே இல்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழு 11,148.5 சதுர மீட்டர் அளவில் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. அந்தப் பெண்களின் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பெயரைப் பாருங்கள்: அம்மா, ராணி. கின்னஸ் அளந்தது சதுர மீட்டரை. மணி நேரத்தை அளக்கும் ஒரு கணக்கு வந்தால் நம் கொண்டாட்டம் என்னவாகும்?

அந்தக் கணக்கைக் கேட்டவர்கள் உண்டு. அகமதாபாத்தில் 1972-இல் இலா பட் ‘சேவா’வைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி யாரென்று தெரியாத பெண்களுக்கு எப்படிச் சங்கம் என்று தொழிலாளர் துறை முதலில் மறுத்தது. பதிவு வாங்கினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சொல்லும் 177-ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றியதில் சேவாவின் உழைப்பு பெரியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் சின்னவை. கர்ப்பிணியிடம் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதி வாங்கும் தாளைச் சந்தேகத்துக்குரிய ஆவணமாகத் தொழிலாளர் துறை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைகளை ஆய்வு செய்ய வருபவர்கள் இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை பெண்கள் பேறுகால விடுப்பில் போய்த் திரும்பி வந்தார்கள் என்றும் பதிவேட்டில் பார்க்க வேண்டும். ஒருத்திகூட இல்லை என்றால் அதுவே சாட்சி. வீட்டுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் உருப்படிக்கு விலை சொல்லும்போது அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் எழுதித் தர வேண்டும். இந்தியா 177-ஆம் உடன்படிக்கையை உறுதிசெய்ய வேண்டும். ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைக்கும்போது ‘உதவி’யை விட்டு ‘உரிமை’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்த அரசுக்கு இவை புரியாத விஷயங்கள் அல்ல.

தோழிகளிடம் கேட்பது இன்னும் சின்னது. கர்ப்பிணியைப் பார்த்ததும் என்ன சாப்பிட்டாய், என்ன பின்னுகிறாய் என்று கேட்பதற்கு முன்னால், லீவு எழுதிக் கொடுத்துவிட்டாயா, சம்பளம் வருகிறதா என்று கேளுங்கள். கேட்கத் தொடங்கினால்தான் இது பேசக்கூடிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். ‘சும்மாதான இருக்க’ என்பதை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மாதச் சம்பளம் போகிறது என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மஞ்சள் உல்லனை எடுத்து வைத்துவிட்டேன். பருத்தி நூல் வாங்கி ஒரு பை பின்னினேன், எனக்காக. பிக்மி எண் எழுதிய அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், நான்கு வருடச் சம்பள வரவு காட்டும் வங்கிப் புத்தகம், கடைக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய பேறுகால விடுப்பு விண்ணப்பத்தின் நகல், தொழிலாளர் துறை ஆய்வாளருக்குக் கொடுத்த புகாரின் நகல் எல்லாம் அதில் இருக்கின்றன. பை நன்றாகக் கனம் தாங்குகிறது. அடுத்த திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துணிக்கடையில் எனக்கு முன்னால் ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகிய ஏழு பேரின் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். இரண்டு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.